குழாய்க்குள் இறங்கிய வெயில்

பாம்பனில் எங்கள் வீட்டுக் கேட்டின் மேல் ஊன்றியிருந்த அந்தக் கை இன்றும் என் கண்ணில் நிற்கிறது. வெயிலில் கறுத்து, எந்நேரமும் தண்ணீரில் கிடந்து விரல்நுனி மட்டும் வெளுத்த கை. கொசுப்புழு பார்க்க வந்த பணியாளர் அவர். தெருப் பிள்ளைகள் கொசுக்காரம்மா என்பார்கள். "கொல்லப்பக்கம் ஒரு தடவ பாத்துக்கிறேன் தங்கச்சி" என்றார். நான் கேட்டைத் திறக்கவில்லை. "எங்க வீட்ல எல்லாம் மூடித்தான் வச்சிருக்கோம். போயிட்டு வாங்க" என்றேன். அவர் கையிலிருந்த தாளில் ஏதோ குறித்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார்.

நான் சொன்னது பொய்யில்லை. பூச்சி என்றாலே எனக்கு ஆகாது. கருவாடு காயும் ஊரில் ஈ அண்டாமல் வீடு வைத்திருப்பது லேசான வேலையும் இல்லை. சன்னல்களுக்கு வலை அடித்திருந்தோம். குடங்களின் வாயில் வெள்ளைத் துணி கட்டியிருப்பேன். பொழுது சாயும் முன்னே வேப்பிலைப் புகை போட்டுவிடுவேன். வீட்டுக்குப் பின்னால், கடற்காற்று நேரே வந்து மோதும் இடத்தில் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. பகலெல்லாம் பிள்ளைகளோடு அதில்தான் இருப்பேன். அந்தத் தரையையும் இரண்டு வேளை கழுவிவிடுவேன். அப்படியிருந்தும் ஐப்பசி மழைக்குப் பிறகு அங்கே பட்டப்பகலிலேயே கொசு கடித்தது. காலில் வெள்ளை வரி போட்ட கொசு. பக்கத்துக் காலிமனையில் தேங்கிய தண்ணீர்தான் காரணம் என்று அந்த மனைக்காரரை ஏசிக்கொண்டு திரிந்தேன்.

கொசுக்காரம்மாவைத் திருப்பி அனுப்பிய சில வாரங்களில் ஆறு வயது மகளுக்குக் காய்ச்சல் கண்டது. நான்காம் நாள், டெங்கு என்று சொல்லி இராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். கைக்குழந்தையோடு வார்டில் இருக்க முடியாது என்பதால், கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டு என் கணவர் அவளோடு போனார். ஏழு மாத மகனோடு நான் வீட்டில் தங்கினேன். "ரத்த அணு இன்னைக்கும் கொறஞ்சிருக்குன்றாக. நீ பயப்படாத" என்று போனில் சொன்னார். அவர் குரலில்தான் பயம் இருந்தது. மகனைக் கொசுவலையை விட்டு வெளியே எடுக்கவே இல்லை. வலைக்கு வெளியே ஒற்றைக் கொசு பறந்தாலும் துண்டை எடுத்துக்கொண்டு துரத்தினேன்.

மறுநாள் காலை கொசுக்காரம்மா மறுபடி வந்தார். காய்ச்சல் கண்ட வீடு என்று தெரிந்து வந்திருந்தார். ஓடிப்போய்க் கேட்டைத் திறந்தேன். "புகை அடிக்கச் சொல்லுங்கக்கா" என்று கெஞ்சினேன். "மதியம் வருவாக. ஆனா அது பறக்குறதத்தான் கொல்லும். புழு எங்கன கெடக்குன்னு பாக்கணும்" என்றபடி உள்ளே வந்தார். தொட்டி, குடங்கள், பிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சேரும் தட்டு, மாதா படத்தின் முன்னாலிருந்த பூச்சாடி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். எதிலும் ஒன்றுமில்லை. "சுத்தமாத்தான் வச்சிருக்கீங்க" என்றார். பிறகு எங்கேதான் இருக்கிறது என்று எனக்கு இன்னும் பயமாகிவிட்டது.

கொட்டகைக்கு வந்தார். துணிக்கொடி கட்டுவதற்காக அதன் ஓரத்தில் ஓர் இரும்புக் குழாயை ஊன்றியிருந்தோம். என் தலை உயரம் இருக்கும். அதன் மேல்வாய் திறந்துதான் கிடந்தது. நான் ஒருநாளும் அதை நிமிர்ந்து பார்த்ததில்லை. அவர் விரல்முட்டியால் அந்தக் குழாயைக் கீழிருந்து மேலாகத் தட்டினார். பாதிவரை ஓசை அமுங்கிக் கேட்டது. அதற்கு மேல் கணீரென்றது. பையிலிருந்து உள்ளங்கை அகலக் கண்ணாடி ஒன்றை எடுத்தார். துவைகல்லில் ஏறி நின்று, வெயிலைத் திருப்பிக் குழாய்க்குள் விட்டார். "ஏறிப் பாருங்க" என்று எனக்கும் இடம் விட்டார்.

இருட்டுக்குள் வெயில் ஒரு சின்ன வட்டமாக இறங்கித் தண்ணீரில் நின்றது. அந்த வட்டம் முழுக்க உயிர். வெளிச்சம் பட்டதும் புழுக்கள் வளைந்து வளைந்து ஆழத்துக்கு ஓடின. சற்றுப் பொறுத்து மூச்சு வாங்க ஒவ்வொன்றாக மேலே வந்தன. தினமும் காலையில் என் பிள்ளையின் துணிகளை நான் காயப்போடும் இடம் அது. மகள் அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டுதான் சுற்றிச் சுற்றி விளையாடுவாள். இரண்டு விரல் நுழையும் அந்த ஓட்டையை ஒரு கொசு தேடிக் கண்டுபிடித்திருக்கிறது. கொசுவின் புத்தியைத் தன் புத்தியாக்கிக்கொண்டு இந்தப் பெண்ணும் கண்டுபிடித்திருக்கிறார்.

"தண்ணி வத்துனாலும் முட்ட சாகாது தங்கச்சி. காஞ்சு ஒட்டிக்கிட்டு மாசக்கணக்குல கெடக்கும். அடுத்த மழ விழுந்தாப் புழுவாகிரும்" என்றார். கடலுக்குப் போகிறவர்கள் காற்றைப் பற்றிப் பேசுவார்களே, அந்த மாதிரிக் குரல். அதில் வெறுப்பே இல்லை. பிறகு ஒரு வாளி மணல் அள்ளி வந்து, கை கையாகக் குழாய்க்குள் போட்டார். மணல் இறங்க இறங்கத் தண்ணீர் மேலேறி வழிந்தது. நான் இரண்டு வேளை கழுவுகிற தரையில் புழுக்கள் துடித்து அடங்கின.

"அன்னைக்கே உங்கள உள்ள விட்டிருந்தா எம்பிள்ளைக்கு வந்திருக்காதுல்லக்கா?" என்று கேட்டேன். அவர் கையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு சொன்னார்: "அன்னைக்கு உள்ள வந்திருந்தாலும் தொட்டியப் பாத்துட்டுத்தான் போயிருப்பேன். கொழாய்க்குள்ள இருக்கும்னு எனக்கே இன்னைக்குத்தான் தோணுச்சு."

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அந்த இரண்டு நாளைக் கடந்தேன். மூன்றாம் நாள் அணுக்கள் ஏறத் தொடங்கின. அடுத்த வாரம் மகள் அப்பாவின் தோளில் தூங்கியபடி வீடு வந்து சேர்ந்தாள். இப்போது பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். கொசுக்காரம்மா அந்தக் காய்ச்சலுக்கு அடுத்த வருடமே வேறு பக்கம் மாறிப் போய்விட்டார்.

போன மாதம் எதிர்வீட்டு மதினி தன் கேட்டுக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார். கேட்டின் குழாய்க்கால்கள் இரண்டும் வாய்வரை சிமெண்டு வைத்து அடைபட்டிருந்தன. கேட்டபோது, "இத அடைக்கச் சொன்னதே அந்தக் கொசுக்காரம்மாதான். ஒம்மகளுக்குக் காச்ச வந்துச்சுல்ல, அதுக்கு முந்துன வருசம். எங்கன கொழாயப் பாத்தாலும் தட்டிப் பாக்காமப் போக மாட்டாக" என்றார்.

நான் தெருவிலேயே நின்றுவிட்டேன். அப்படியென்றால் முதல் நாளே அவரை உள்ளே விட்டிருந்தால், அந்தக் குழாயையும் தட்டிப் பார்த்திருப்பார். அது தெரிந்தேதான் அன்று, இன்றைக்குத்தான் தோன்றியது என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் ஒரு பிள்ளையும் வலைக்குள் ஒரு பிள்ளையுமாக நின்ற ஒருத்தியால் எவ்வளவு தாங்க முடியும் என்பதையும் அவர் அன்று பார்த்திருக்கிறார்.