தெரியும் என்ற கட்டு

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் காலை பாசஞ்சரில் அந்த நர்ஸ் பெண் பல மாதம் என் எதிரில் உட்கார்ந்து வந்தாள். பெயர் கேட்டதில்லை. மெலிந்த முகம், தூக்கம் போதாத கண்கள். ஜெர்மனிக்கு வேலைக்குப் போக ஜெர்மன் மொழியைப் படித்துக்கொண்டிருந்தாள்.

கையில் எப்போதும் சின்னச் சின்ன அட்டைகள். முன்பக்கம் ஜெர்மன் சொல், பின்பக்கம் தமிழில் பொருள். திருப்பிப் பார்க்கும் முன்பே, தெரியும் என்று தோன்றினால் மடியின் இடப்பக்கம் வைப்பாள், தெரியாது என்றால் வலப்பக்கம். பிறகு இடப்பக்கக் கட்டைத்தான் முதலில் எடுப்பாள். பொருளை வாய்க்குள் சொல்லிவிட்டு அட்டையைத் திருப்புவாள். தப்பாகிவிட்டால் முகம் வெளிறிப் போகும்.

எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. "தெரியாததப் படிச்சா போதாதாம்மா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தெரியாதுன்னா யார்கிட்டயாவது கேட்டுருவேன் அக்கா. தெரியும்னு நெனச்சிட்டு இருக்கேம்லா, அதுதான் பயம்" என்றாள். நேமம் ஸ்டேஷன் தாண்டிய பிறகு ஜன்னலைப் பார்த்தபடி, "ஒருக்கா வார்டுல டாக்டர் மருந்து எழுதுன சார்ட்டப் பாக்காம ஊசி போட்டுட்டேன். நல்லாத் தெரியும்னுதான் போட்டேன். அளவு மாறிப்போச்சு" என்றாள்.

"அந்த ஆளுக்கு என்ன ஆச்சு?"

அவள் அட்டைகளை அடுக்கி ரப்பர் பேண்டைப் போட்டாள். திருவனந்தபுரத்தின் தம்பானூர் ஸ்டேஷன் வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அம்மாவுக்கு மாத்திரை எடுக்கப் போன என் கை அப்படியே நின்றது. டாக்டர் எழுதிய சீட்டை நான் பார்த்து இரண்டு வருடம் இருக்கும். எல்லாம் எனக்கு மனப்பாடமாயிற்றே. அலமாரியிலிருந்து சீட்டை எடுத்துவிட்டேன். அதை விரிக்கத்தான் தைரியம் வரவில்லை.