கல்லு மாரி: டாக்டர் கோமதி நினைவாக

இல்லை, அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும்.

செய்தி திங்கட்கிழமை காலை கவுண்டர் தொலைபேசியில் வந்தது. கரமனையிலிருந்து அவருடைய தம்பி பேசினார். "அக்கா போயிட்டாம்மா. காப்பியைக் கையில வெச்சிண்டே." அவ்வளவுதான். என் முன்னால் வரிசையில் ஏழு பேர் நின்றிருந்தார்கள். ஏழு பேரும் ஆண்கள்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தம்பானூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு லாட்ஜின் மாடியில் இருக்கிறது எங்கள் சிறிய மருத்துவமனை. டாக்டர் கோமதி அங்கே ஆண்களுக்கான அறுவை மருத்துவர். பலகையைப் படித்து மாடியேறி, உள்ளே புடவையைக் கண்டதும் இறங்கிப் போனவர்கள் உண்டு. "இறங்கறவரை நிறுத்தாதே. டீ குடிச்சுட்டுத் தானே வருவார்" என்பார். பாதிப் பேர் வந்தார்கள்.

நான் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். எம்.ஏ. தமிழ். தொண்ணூறுகளின் கடைசியில் இங்கே வேலைக்குச் சேர்ந்தேன். தமிழ்த் தொழிலாளர்கள் சொல்வதைக் கேட்டு, சீட்டில் மலையாளத்தில் எழுதி உள்ளே அனுப்புவது என் பணி.

மூன்றாவது மாதம் ஒருவர் வந்தார். கட்டடத்தில் சென்ட்ரிங் வேலை. திருநெல்வேலிப் பக்கம். இருபத்து நான்கு வயது. பெயர் வேண்டாம். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "கீழ கல்லு மாரி கெட்டியா இருக்குக்கா."

நான் எழுதினேன்: அடிவயிற்றில் கல்.

தமிழிலும் மலையாளத்திலும் கல் கல்தான். அன்று டாக்டர் கோமதி விடுப்பு. பணியில் இருந்த, தமிழ் தெரியாத இளம் மருத்துவர் சீட்டைப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார், நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி அனுப்பினார்.

மூன்று வாரம் கழித்து அந்தச் சென்ட்ரிங்காரர் திரும்பி வந்தார். இந்த முறை டாக்டர் கோமதி இருந்தார்.

"கல்லுன்னு எழுதியிருக்கு. வலிக்கறதா?"

"வலியே இல்ல டாக்டரம்மா. வாழத்தண்டு சாறு குடிச்சுக் குடிச்சு நாக்குதான் செத்துப்போச்சு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பார்த்தது அவரை அல்ல, என்னை.

"அன்னிக்கு இவர் என்ன சொன்னார்?"

"அடிவயித்துல..."

"உன் வார்த்தை வேண்டாம். இவர் வார்த்தை."

சொன்னேன். கீழ. கல்லு மாரி. கெட்டியா.

"கீழன்னா எங்கே?"

எனக்குத் தெரியும். அன்றைக்கும் தெரியும். அந்தச் சொல்லை எழுத என் கை போகவில்லை, அதனால் இடத்தை ஒரு சாண் மேலே ஏற்றிவிட்டேன். 'மாரி'யையும் விட்டுவிட்டேன். எம்.ஏ. தமிழ் படித்தவள், உவம உருபைத் தொலைத்தேன்.

"விதை" என்றேன்.

"என்கிட்ட இல்லே. அவர்கிட்ட கேளு."

கேட்டேன். "ஆமாக்கா, வலது பக்கம்" என்றார். அவருடைய தோள்கள் தளர்ந்து இறங்கின.

கதவுக்குத் தாழ் போட்டார்கள். திரைக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் டாக்டரின் குரல், ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுச் செய்தது. "முதல்ல நன்னா இருக்கற பக்கம். அப்போதான் வித்யாசம் தெரியும். தொடலாமோ? கட்டைவிரலுக்கும் ரெண்டு விரலுக்கும் நடுவிலே மெதுவா உருட்டிப் பார்ப்பேன். வலிச்சா சொல்லணும், மனசிலாச்சோ?" பிறகு வலது பக்கம். "லைட்டை அணை" என்றார் என்னிடம். "இப்போ டார்ச் வெச்சுப் பார்க்கறேன். உள்ளே தண்ணியா இருந்தா வெளிச்சம் ஊடுருவித் தெரியும்."

"டார்ச் அடிச்சுத் தேடுறதுக்கு ஒண்ணும் தொலையலியே டாக்டரம்மா."

டாக்டர் சிரித்தார். நானும். திரையில் ஒரு மங்கலான வட்டம் எழுந்தது. நின்றது. அணைந்தது.

"வெளிச்சம் போகலை" என்றார். அதை முதலில் அவரிடம்தான் சொன்னார். "கட்டியா இருக்கு. கெட்டதா இருக்கலாம். ஸ்கேன் பார்க்கணும், பெரும்பாலும் அந்த ஒண்ணை எடுக்கணும்."

"தை மாசம் கல்யாணம் வச்சிருக்கு. ஒண்ண எடுத்துட்டா...?"

"சாதாரணமா ஒண்ணு போறும். குழந்தைக்கும் போறும், மீசைக்கும் போறும். ஆனா இன்னிக்கே போகணும்."

பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் டாக்டரே கூடப் போனார். புற்றுநோய்தான். எடுத்தார்கள். பிறகு மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது. திருமணம் தையிலிருந்து ஆவணிக்குத் தள்ளிப்போனது.

அந்த மூன்று வாரத்தைப் பற்றி டாக்டரிடம் ஒரே ஒரு முறை கேட்டேன். என்னால் அவருக்குக் கெடுதல் நேர்ந்ததா?

"தெரியாது" என்றார். "தெரியாததை உனக்காக நல்லதா மாத்திச் சொல்ல மாட்டேன்."

அந்தப் பதிலோடுதான் இத்தனை ஆண்டுகள் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன்.

அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன அடுத்த வாரமே புதிய சீட்டுகள் வந்தன. மேலே தமிழில் ஒரு கட்டம்: 'அவர் சொன்ன சொல்.' மலையாளம் அதற்குக் கீழேதான். மாலையில் டாக்டர் சீட்டுகளைப் புரட்டுவார். "என்னடி இது, 'மோட்டார் ஓடலை'?" "அப்படித்தான் சொன்னார் டாக்டர்." "சரி. சிரிச்சுக்கோ. ஆனா மாத்தாதே." வாயில் வராத சொற்களையெல்லாம் நான் என் கையெழுத்தில் எழுதியிருக்கிறேன். வீட்டில் யாருக்கும் தெரியாது.

அந்தச் சென்ட்ரிங்காரர் ஆண்டுக்கொரு முறை பரிசோதனைக்கு வருகிறார். வந்ததும் "டார்ச் டாக்டரம்மா இருக்காங்களா?" என்றுதான் கேட்பார். அடுத்த முறை நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

டாக்டரின் மேசை இழுப்பறையில் அந்த டார்ச் இருக்கிறது. எடுத்து என் விரல்களுக்குக் கீழே வைத்து அழுத்தினேன். விரலோரங்கள் சிவந்து தெரிந்தன. நடுவில், எலும்பு இருக்கும் இடத்தில், இருள். போய் வாருங்கள் டாக்டர். நீங்கள் ஆறுதல் சொல்லாததற்கு என் நன்றி.

திங்கட்கிழமை ரிசீவரை வைத்த பிறகு, வரிசையில் முதலில் நின்ற பெரியவர் தரையைப் பார்த்தபடி "அடிவயித்துல" என்றார்.

"அடிவயிறா, அதுக்கும் கீழயா ஐயா?" என்று கேட்டேன்.

சொன்னார். சொன்னபடியே எழுதினேன்.