மாமனாருக்குப் பூச்சி மருந்து

எங்கள் மிருகக்காட்சிசாலையில் குரங்குக்கூண்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனின் இடக்கை எப்போதும் தொப்புளுக்கு மேலே இருக்கும். பூட்டைத் திறக்கும்போதும், தரை கழுவும்போதும் உள்ளங்கை வயிற்றை அழுத்தியபடியே. பழத்தை இரண்டாகப் பிட்கையில் மட்டும் அதற்கு விடுமுறை. "தொந்தி கீழே விழுந்துடாம தாங்குறாரு" என்பான் வாயிற்காவலன்.

குரங்குகளின் மலத்தை நுண்ணோக்கியில் வைத்துப் புழு முட்டை தேடுவது என் வேலை. வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லாத வேலை. எனக்கு அதுதான் வசதி.

மருந்து கொடுத்ததும் மற்ற குரங்குகள் தேறிவிட்டன. கிழட்டு ஆண் குரங்கு மட்டும் இரண்டு முறை கொடுத்தும் அப்படியே. அண்ணன் அதற்கு வைத்த பெயர் மாமனார். நீட்டியதை மதிக்காது, மருமகன் கையில் மிச்சமிருப்பதுதான் உசத்தி.

டாக்டரம்மா அண்ணனிடம் தீர்த்துச் சொல்லிவிட்டார். "மூணாவது தடவையும் முட்டை இருந்தா இதைத் தனிக்கூண்டுல போட்டுடலாம். நீங்க பாம்புப் பக்கம் போயிடுங்க."

அண்ணன் தோட்டத்து ரப்பர் குழாயைக் கண்டால்கூடப் பயந்து ஒதுங்கிப் போகிறவர். நேரே என்னிடம் வந்தார்.

"தம்பி, கண்ணாடியைத் தொடைச்சுட்டுப் பாரேன்."

"தொடைச்சுட்டேண்ணே."

"முட்டையாவது கொஞ்சம் சின்னதாத் தெரியுதா?"

மூன்றாவது முறை மருந்து கொடுக்கும் நாளில், கூண்டுக்கு எதிரே போய் நின்றேன்.

அண்ணன் பழத்தைப் பிட்டார். வலக்கைத் துண்டில் மாத்திரைப் பொடியை அமுக்கி நீட்டினார். "வாங்க மாமா, சேர்ந்தே சாப்பிடுவோம்" என்று நம்பிக்கையூட்ட, இடக்கைத் துண்டைத் தன் வாய்க்குக் கொண்டுபோனார். கம்பி வழியே ஒரு கை வந்தது. வாயருகே இருந்த துண்டு பறிபோயிற்று.

"சீ, பறக்காவெட்டி! உன் பொண்ணையா கட்டியிருக்கேன், இந்தப் பாடு படுத்துறே?"

திட்டிக்கொண்டே, கையில் மிஞ்சியதை வாயில் போட்டுக்கொண்டார்.

"அண்ணே!"

என் குரல் அவ்வளவு உரக்க வரும் என்று எனக்கே தெரியாது. அதற்குள் அவர் விழுங்கியிருந்தார்.

"அது மருந்துத் துண்டுண்ணே."

அண்ணன் என்னைப் பார்த்தார். மாமனாரைப் பார்த்தார். அது தோலை நக்கிக்கொண்டிருந்தது.

"அதான் ரெண்டு தடவையும் பழம் கசந்துதா! நான் பழக்கடைக்காரனை இல்ல வாய்க்கு வந்தபடி திட்டினேன்!"

அடுத்த பழத்தில் பொடியை இடக்கைத் துண்டில் வைத்தார். வெறும் துண்டை மரியாதையாக நீட்டினார். மாமனார் வழக்கம்போல அவமதித்தார். வாயருகே இருந்ததைப் பறித்து முழுசாக விழுங்கினார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு முட்டையும் இல்லை. அண்ணன் என் அறை வாசலில் நின்று, என்னை விட்டுவிட்டு நுண்ணோக்கியைக் கும்பிட்டார். பாம்புப் பக்கம் வேறு யாரோ போனார்கள்.

மூன்று மாதம் போயிருக்கும். பேருந்து நிறுத்தத்தில் அவர் மனைவியைப் பார்த்தேன். அண்ணி தானாகவே பேசினார்.

"ஏழு வருஷ வயித்துவலி தம்பி. எத்தனை கஷாயம், எத்தனை டாக்டர்! குரங்குகளுக்கு மருந்து குடுக்க ஆரம்பிச்சாரே, அதிலேருந்து வலி போன இடமே தெரியலை."