எஸ்பிளனேடில் நான் தொலைந்த மாலை

ஆங் மோ கியோவில் இருபது வருடமாகக் குடியிருக்கிறேன். போன மாதம் பக்கத்து அடுக்குமாடி புளோக்கில் ஏறி, என் வீட்டு எண்ணே போட்டிருந்த ஒரு கதவில் சாவியை விட்டுத் திருகோ திருகென்று திருகினேன். கதவைத் திறந்த சீனப் பெரியவரிடம், என் வீட்டில் அவருக்கு என்ன வேலை என்றும் கேட்டுவிட்டேன். அவர் பொறுமையாக என்னை மின்தூக்கி வரை கொண்டுவந்து விட்டார். மூன்றாவது முறை என்பதால் அவருக்குப் பழகிவிட்டது.

இப்படிப்பட்ட நான், ஏழு வயதில் இரண்டு பெரியவர்களுக்குச் சிங்கப்பூர் முழுவதையும் சுற்றிக் காட்டியவள் என்று வெகுகாலம் பெருமை பேசித் திரிந்தேன்.

அந்த இரண்டு பேர் என் பெரியப்பாவும் பெரியம்மாவும். அறுபதுகளின் தொடக்கம் அது. சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், மாவு மில்லுக்கு மேல்மாடியில் எங்களுக்கு ஓர் அறை, அவர்களுக்கு ஓர் அறை. அவர்களுடைய பிள்ளைகள் கல்யாணமாகி ஜொகூரிலும் பினாங்கிலும் இருந்தார்கள். பெரியப்பா துறைமுகத்தில் முப்பது வருடம் ஷிப்டு பார்த்தவர். எந்தப் பண்டிகை வந்தாலும் அன்றைக்கென்று ஒரு கப்பல் வந்து நிற்கும். அந்த வருடம் தீபாவளிக்கு முந்தின மாதம் ஓய்வு பெற்றார். விட்டுப்போன பண்டிகைகளையெல்லாம் ஒரே மூச்சில் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார். அதற்கு இந்த ஊரில் வசதி உண்டு. தீபாவளி முடிந்தால் கிறிஸ்துமஸ், பிறகு பொங்கல், சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள். எல்லா இனத்தாரும் அவருக்காகவே வரிசை பிடித்து நின்ற மாதிரி இருந்தது.

ஒரே ஓர் இடைஞ்சல். பெரியம்மாவும் கூட வரவேண்டும் என்று பெரியப்பா ஆசைப்பட்டார். கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ துக்கத்துக்கோ என்றால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஐம்பத்தைந்து வயதில், ஒரு காரணமும் இல்லாமல், காற்று வாங்கப் பெண்டாட்டியோடு புறப்படுவது எங்கள் சந்தில் நடந்ததே இல்லை. முதல் நாள் இருவரும் படியிறங்கியபோது, மில்காரர் மனைவி கீழே முக்காலி போட்டு மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்.

“என்னக்கா, ஜோடியா கிளம்பிட்டீங்க? ஹனிமூனா?”

“சேச்சே, அவரு எங்கயோ போறாரு. நான் தேங்கா வாங்க வந்தேன்லா,” என்று பெரியம்மா எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டார். வீட்டில் மூன்று தேங்காய் இருக்க, நாலாவதையும் வாங்கிக்கொண்டு மாடியேறினார். பெரியப்பா தெருமுனை வரை தனியாகப் போய்த் திரும்பினார்.

மறுநாள் அவர் எங்கள் அறை வாசலில் வந்து நின்றார். “பிள்ளைய கொஞ்சம் அனுப்பும்மா. லைட்டு பாக்க ஆசையா இருக்கும்,” என்றார் அம்மாவிடம்.

நான் லைட்டு எதுவும் கேட்டிருக்கவில்லை. ஆனாலும் சந்தைத் தாண்டும்வரை பெரியம்மா எதிர்ப்பட்டவரிடமெல்லாம், “இவதான், லைட்டு பாக்கணும்னு ஒரே அழுகை,” என்று சொல்லிக்கொண்டே வந்தார். நானும் ஒத்துழைத்து மூக்கை உறிஞ்சிக் காட்டினேன். நான் இல்லாமல் இவர்களால் வாசற்படி தாண்ட முடியாது என்ற நம்பிக்கை அன்று எனக்கு வந்தது. நம்பிக்கை சரிதான். காரணம்தான் வேறு.

சந்தில் பெரியப்பா பத்தடி முன்னால் போவார். நான் நடுவில். பெரியம்மா பின்னால். பஸ்ஸை விட்டு இறங்கியதும் பெரியம்மா எப்படியோ முன்னால் வந்துவிடுவார், நான் பின்னால் போய்விடுவேன். வழிகாட்டியைப் பின்னால் விட்டு நடக்கிறார்களே என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ராஃபிள்ஸ் பிளேஸுக்குப் போனோம். ஒரு பெரிய கடையின் கண்ணாடிக்குள் பஞ்சை உதிர்த்து, நடுவில் தாடிவைத்த தாத்தா பொம்மையை நிறுத்தியிருந்தார்கள்.

“இந்தப் புழுக்கத்துல இவருக்கு எதுக்குங்க கம்பளி?” என்றார் பெரியம்மா.

“அவங்க ஊரு குளிரு. கப்பல்ல வந்த வெள்ளக்காரன் ஒருத்தன் எனக்குச் சொல்லிருக்கான்,” என்று பெரியப்பா ஆரம்பித்தார். தெரியாத விஷயத்தை அவ்வளவு நேரம் பேச அவரால்தான் முடியும். பெரியம்மா வாய்பிளந்து கேட்டார். ஐஸ் வேண்டும் என்று நான் மூன்று தரம் சொன்னது இருவர் காதிலும் விழவில்லை.

அங்கிருந்து எஸ்பிளனேடு. கடலைப் பார்த்த பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தோம். பெரியப்பா ஒரு பொட்டலம் கச்சாங் பூத்தே வாங்கினார். எனக்கு அதில் ஒரு கைப்பிடி கடலை கொடுத்துவிட்டு, “கப்பல் எத்தனை நிக்குதுன்னு எண்ணிட்டு வா,” என்றார். ஓடிப்போய் எண்ணி வந்து பதினேழு என்றேன்.

“ஒண்ணு விட்டிருப்ப. இன்னொரு தடவ எண்ணு.”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தொலைந்துபோவது என்று தீர்மானித்தேன். பின்னாலிருந்த தூங்குமூஞ்சி மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். பெரியம்மா கதறுவார், பெரியப்பா போலீஸைக் கூப்பிடுவார், அதன்பிறகு மனமிரங்கி வெளிப்படுவது என்பது திட்டம்.

கொஞ்ச நேரத்தில் பெரியம்மா திரும்பிப் பார்த்துப் பாதி எழுந்தார். எழுந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பயத்தில் கால் துவண்டுவிட்டது, பாவம் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப்பின் ஒன்றும் நடக்கவில்லை. எறும்பு கடித்தது. கப்பல்களில் ஒவ்வொன்றாக விளக்கு ஏறியது. பெரியப்பா ஏதோ சொல்ல, பெரியம்மா முந்தானையால் வாயை மூடாமல் சத்தமாகச் சிரித்தார். மாவு மில்லுக்கு மேலே அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. அதிர்ச்சியில் புத்தி கலங்கினால் சிலர் சிரிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். கடைசியில் நானே அழுதுகொண்டு வெளியே வந்தேன்.

“வந்துட்டியா? போலாமா?” என்றார் பெரியப்பா.

வீடு வந்ததும் அம்மாவிடம் முறையிட்டேன். நான் தொலைந்துவிட்டேன், இவர்கள் தேடவே இல்லை என்று. அம்மாவின் முகம் மாறிவிட்டது.

“என்னக்கா இது? கடலு பக்கத்துல பிள்ளைய விட்டுட்டு... இனிமே நான் அனுப்பமாட்டேன்.”

பெரியம்மா முந்தானை நுனியை முறுக்கினார். பெரியப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பொங்கல், சீனப் புத்தாண்டு, பெருநாள் மூன்றும் அப்படியே பாக்கியிருந்தன. அந்த முகங்களைப் பார்க்க எனக்கே பொறுக்கவில்லை.

“நான் இல்லாம இவங்க எப்படிம்மா போவாங்க? வழி தெரியாதே,” என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தார். பெரியம்மாவைப் பார்த்தார். பிறகு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. “சரி, கூட்டிட்டுப் போ. பத்திரமா கொண்டுவந்து சேரு,” என்றார் என்னிடம். கேலாங் சிராயில் பெருநாள் விளக்குப் பார்க்கிறவரை நான்தான் கூட்டிப்போனேன்.

இருபது வருடம் கழித்து, என் நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை வீட்டார் நடுவில் இந்தக் கதையை விவரமாகச் சொன்னேன். என்னைக் காணாமல் பெரியம்மா கால் துவண்டு விழுந்ததைச் சொன்னபோது பெரியப்பா கூரையைப் பார்த்தார். பெரியம்மா ஆரஞ்சுப் பழத்தை உரித்தபடியே சொன்னார்:

“மரத்துக்குப் பின்னால நீ நின்னதை அப்பவே பாத்துட்டேன்டி. கூப்பிடத்தான் எழுந்தேன், இவருதான் கையப் பிடிச்சு உக்கார வச்சிட்டாரு. அத்தனை நாள்லயும் அன்னிக்கு ஒருநாள்தான் நீ உருப்படியா எங்களுக்குத் துணைக்கு வந்த.”