மூன்று மணிக்கு மாமர நிழல்

மழை விட்டதும் மேசன் வருவார். அதற்குள் மாமரத்தை வெட்டுவதா வேண்டாமா என்று நாங்கள் முடிவு செய்தாக வேண்டும்.

கடலுக்கும் வாவிக்கும் இடையே இருக்கும் கல்லடியில், எங்கள் வீட்டு வளவின் தென்மேற்கு மூலையில் நிற்கும் மரம் அது. அதனருகே, தன் டியூசன் வகுப்புக்கு ஓர் அறை கட்ட மனைவி விரும்பினாள். வேர் சுவரைப் பிளந்துவிடும் என்றார் மேசன். ஒன்று, மரத்தை வெட்ட வேண்டும். அல்லது அறையை ஒன்பது அடி தள்ளிப் போட வேண்டும். தள்ளிப் போட்டால் பின்னேர வகுப்பு நடக்கும்போது கூரையில் நிழல் விழுமா? விழுந்தால் மரம் தப்பும். மூன்று மணிக்கு அந்த இடத்தில் போய் நின்றால் தெரிந்துவிடும். ஆனால் அந்த மார்கழியில் ஒரு கிழமையாக வெயிலே இல்லை.

வெயில் இருந்த ஒரே இடம் மனைவியின் மடிக்கணினி. விடுமுறைகளில் அவள் வீடு கட்டும் விளையாட்டு ஒன்றை ஆடுவாள். குடையைப் பிடித்துக்கொண்டு வளவை அளந்து வந்தாள். விளையாட்டில் இருந்த கடற்கரை ஒன்றின் ஓரமாக, அதே அளவில் வீடு, மதில், மரம், ஒன்பது அடி தள்ளிய புது அறை எல்லாவற்றையும் வைத்தாள். நேரத்தை மூன்று மணிக்குத் திருப்பினாள்.

அறைக் கூரையில் நிழல் விழுந்தது. ஆனால் அதன் ஓரம் மரம் அரியும் வாளின் பல்லைப் போலிருந்தது. ஒவ்வொரு பல்லும் ஓரடி அகலம். படத்தை நகர்த்தினால் பற்களும் கூடவே நடந்தன. கறுப்புத் திட்டு ஒன்று தெரிந்ததே தவிர, அது எதுவரை என்று சொல்ல முடியவில்லை.

"பேப்பர்ல எத்தின வருசம் படம் பாத்துப் போட்ட ஆள் நீங்க. இதத் திருத்தித் தாங்க பாப்பம்," என்றாள்.

விளையாட்டின் அமைப்புகளில் நிழலின் தரத்தை உச்சத்துக்கு உயர்த்தினேன். மடிக்கணினியின் விசிறி ஓட்டோவைப் போல் இரைந்தது. படம் விக்கி விக்கி நகர்ந்தது. பற்கள் சற்றுச் சிறுத்தன, போகவில்லை. விளிம்புகளை மென்மையாக்கும் தெரிவைப் போட்டேன். ஓட்டுக் கூரையின் விளிம்பு அழகானது. நிழல் அப்படியே கிடந்தது.

மூன்றாம் நாள்தான் 'நிழல் தூரம்' என்ற வரி கண்ணில் பட்டது. அது உச்சத்தில் இருந்தது. பத்திரிகையில் முத்திரை அளவுப் படத்தை முழுப் பக்கத்துக்குப் பெருப்பித்தால் கட்டம் கட்டமாக உடையும். இங்கே நடந்ததும் அதுதான். ஊர் முழுவதற்கும் போதும்படி இழுத்து விரித்ததில் நிழல் உடைந்திருந்தது. தூரத்தை எங்கள் மதில் வரைக்கும் குறைத்தேன். பற்கள் மறைந்தன. விசிறியும் அடங்கியது.

"கூரையில இலை ஒண்டையும் காணல்லயே. இது வீட்டு ஓட்டு நிழல்!" என்றாள் மனைவி.

உண்மைதான். மாமரத்தின் நிழல் ஒவ்வோர் இலையும் தெரிய, மதிலுக்கு வெளியே விழுந்து கிடந்தது. அவள் முகம் வாடிவிட்டது. ஏதாவது மாறுமா என்று நேரத்தை மாலைக்கு ஓட்டிப் பார்த்தோம்.

அடுத்த வளவில் இருக்கும் அவளுடைய அக்கா அப்போதுதான் கொழுக்கட்டைத் தட்டோடு உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார்.

"என்ன புள்ள இது, கடலுக்க பொழுது படுது? கல்லடியில எப்ப இருந்து?"

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். கடல் எங்களுக்குக் கிழக்கே. பொழுது படுவது வாவிப் பக்கம். விளையாட்டின் கடலோ மேற்கே இருந்திருக்கிறது. மூன்று நாட்களாகக் காலை வெயிலில் மாலை நிழலைத் தேடியிருக்கிறோம்.

"பேப்பர்காரர் திசையப் பாக்கல்லயா மச்சான்?" என்றார் அக்கா.

"நான் நிழலத்தானே பாத்தன்," என்றேன். மனைவி சிரித்த சிரிப்பில் கொழுக்கட்டை புரையேறியது.

கடலை இடம் மாற்ற விளையாட்டில் வழியில்லை. "இனி அதுதான் வாவி," என்று மனைவி அறிவித்து, வளவை அப்படியே மறுபக்கம் திருப்பி வைத்தாள். மூன்று மணி. மாவிலைகள் அறைக் கூரையின் முக்கால்வாசியை மூடின.

இரண்டு நாள் கழித்து வெயிலும் மேசனும் ஒன்றாக வந்தார்கள். ஒன்பது அடி தள்ளி நான்கு கம்பு நட்டு, கூரை உயரத்தில் தறப்பாள் விரிப்பைக் கட்டினோம். மூன்று மணிக்கு நிழல் அதன் மேல் ஏறியது. காற்றில் ஆடிய அதன் ஓரம் பல்லுப் பல்லாகத்தான் இருந்தது. திருத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

எங்கள் கணினிக் கதையைக் கேட்ட மேசன் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இனி மழை எப்ப வரும் எண்டும் அந்தப் பெட்டியில பாக்கலாமா?" என்று கேட்டபடி, கம்பு நின்ற இடத்திலேயே முதல் முளையை அடித்தார்.