நோன்பு மாதத்துச் சிரிப்பு நிகழ்ச்சி

சவுதியில், அல் கோபாரில் நான் வேலை செய்த வீட்டில் நோன்பு திறந்ததும் எல்லாரும் தொழுகைக்குப் போவார்கள், தொழுகை முடிந்ததும் டிவிக்கு முன்னால் வந்து விழுவார்கள். நோன்பு மாதம் முழுக்க, ஒரு நாள் தவறாமல், அந்தச் சிரிப்பு நிகழ்ச்சி வரும். தினமும் புதுக் கதை, ஆனால் நடிகர்கள் அதே ஆட்கள்தான். அந்த நேரத்தில் தெருவில் ஒரு கார் ஓடாது. பேரீச்சங்கொட்டையும் சூப்புக் கிண்ணமும் விரிப்பில் போட்டது போட்டபடி கிடக்கும். அதைப் பொறுக்க வேண்டியவள் நான். பொறுக்கப் போனால் டிவியை மறைக்கிறேன் என்று திட்டு விழும். அதனால் கதவோரம் குந்திக்கொண்டு நானும் பார்த்தேன். வேறு என்ன செய்வது?

நான் இலங்கை மலையகத்துக்காரி. தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவள், இரண்டு வயது மகனைக் கணவரிடம் விட்டுவிட்டு விமானம் ஏறினேன். அரபு ஒரு சொல் தெரியாது. எஜமானியை ‘மாமா’ என்றும் எஜமானை ‘பாபா’ என்றும் கூப்பிட வேண்டும் என்று மட்டும் ஏஜென்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒரு பெண்ணைப் பார்த்து மாமா என்று கூப்பிட முதலில் எனக்கு நாக்கே கூசியது. மிச்ச அரபையெல்லாம் எனக்குக் கற்றுத்தந்தது அந்த நிகழ்ச்சிதான்.

பாபாவுக்கு அந்த நிகழ்ச்சி என்றால் உயிர். பழைய வருஷத்து நிகழ்ச்சிகளையெல்லாம் வீடியோ கேசட்டில் பதிந்து அலமாரி நிறைய அடுக்கி வைத்திருந்தார். நோன்பு இல்லாத மாதங்களிலும் வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒன்றை எடுத்துப் போடுவார். மிகப் பழைய கேசட்டுகளில் நடிகர்கள் எல்லாரும் ஒட்டடைக்குச்சி மாதிரி இருந்தார்கள். ஒரு மேசை, ஒரு திரை, அவ்வளவுதான் அலங்காரம். பெண் வேஷத்தையும் ஆம்பிளைகளே கட்டினார்கள். வேலை நேரத்தில் குறட்டை விடும் குமாஸ்தா, கல்யாணச் சாப்பாட்டில் கஞ்சத்தனம் பண்ணும் மாமனார், நகரத்துக்கு வந்து வழி தவறிய பாலைவனத்துக்காரர் என்று தங்கள் ஆட்களையே வாரினார்கள். அரபு தெரியாமலே எனக்குச் சிரிப்பு வந்தது. வருஷம் போகப்போக நடிகர்களுக்குத் தொப்பை விழுந்தது, கதைக்குள் பெரிய கார்களும் வெளிநாடும் வந்தன. கூடவே தலையில் எண்ணெய் வழிய ஒரு தையல்காரர் வந்தார், பிறகு ஒரு முடிவெட்டுபவர், பிறகு ஒரு டிரைவர். எல்லாரும் இந்தியா, இலங்கை என்று நம் பக்கத்து ஆட்கள்.

அந்த வீட்டு டிரைவர் ராமநாதபுரத்துக்காரர். எனக்கு ரொம்ப முன்னாலேயே அங்கே வந்தவர். நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். கேட் ஓரத்து அறையில் தனியாக அந்த நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு மறுநாள் புலம்புவார்.

“முன்னாடி அவுங்க ஆளுகளையே கேலி பண்ணிக்கிட்டாங்க, தங்கச்சி. இப்ப கேலிக்கு ஆள் பத்தல போல. நம்மகிட்ட வந்துட்டாங்க.”

“இருந்துட்டுப் போகட்டும்ண்ணே. சிரிக்கத்தானே செய்றாங்க,” என்றேன்.

எனக்கு அது பிடிக்கவும் செய்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்? அந்தத் தையல்காரர் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு அவருடைய ஓட்டை அரபைப் பேசிக் காட்டுவேன். வீடே உருண்டு சிரிக்கும். விருந்தாளிகள் வந்தால் மாமா என்னைக் கூப்பிட்டுச் செய்யச் சொல்வாள். கடைக்குட்டி, நாலு வயது மகள், கை தட்டி இன்னொரு தரம் என்பாள். அந்தப் பிள்ளை என் கையால்தான் சாப்பிடும், மத்தியானம் என் கட்டிலில்தான் தூங்கும். என் மகனை விட்டு வந்த வெறுமையில் நானும் அதை நெஞ்சோடு ஒட்டவைத்துக்கொண்டேன்.

நான் போன மூன்றாவது வருஷத்து நோன்பு மாதத்தில் அந்தப் பிள்ளைக்கு வயிற்று உபாதை வந்தது. சாப்பிட்டது தங்கவில்லை. மருந்து கொடுத்தும் மெலிந்துகொண்டே போனாள். அந்த நேரம் பார்த்துத்தான் அந்தக் கதை வந்தது. வீட்டு வேலைக்காரி ஒருத்தியின் கதை, அந்த வேஷத்தில் தாடியை மழித்த ஒரு ஆம்பிளை முக்காடு போட்டு நடித்தார். அந்த வேலைக்காரி எஜமானியின் தலைமுடியை முடிச்சுப் போட்டு மெத்தைக்குள் ஒளிக்கிறாள், தேநீரில் எதையோ கலக்குகிறாள், வீடு முழுக்க அவள் சொன்னபடி ஆடுகிறது. கடைசியில் பிடிபட்டதும் கண்ணை உருட்டிக்கொண்டு காலில் விழுந்து கதறுகிறாள். பாபா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். மாமா பாதியிலேயே சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

மறுநாள் காலை என் அறையைப் புரட்டிப் போட்டாள். பெட்டி, உடுப்பு, சோப்பு டப்பா வரைக்கும். கடைசியாகத் தலையணையைக் கத்தரியால் கிழித்தாள். பஞ்சுக்குள்ளிருந்து கறுப்புக் கயிற்றில் கோத்த வெள்ளித் தாயத்து விழுந்தது.

அது என் மகனின் தொப்புள்கொடி. பிறந்து காய்ந்து விழுந்த கொடியைத் தாயத்தில் அடைத்து இடுப்பில் கட்டுவது எங்கள் வழக்கம். புறப்பட்ட அன்று அதை அவன் இடுப்பிலிருந்து கழற்றி என்னோடு கொண்டுவந்தேன். பிள்ளையைத்தான் விட்டுவிட்டு வருகிறோம், அவனுடைய ஒரு துண்டாவது கூட இருக்கட்டும் என்ற எண்ணம். இந்த நாட்டில் அதையெல்லாம் கழுத்தில் போடக்கூடாது என்று ஏஜென்சியில் சொன்னதால் தலையணைக்குள் வைத்துத் தைத்தேன். அந்தத் தலையணையில்தான் அவள் மகளும் மத்தியானத்தில் தலை வைத்தாள். அடி பாவி, எங்கே வைத்தாய் பார் என்று எனக்கே அப்போதுதான் உறைத்தது.

மாமா தாயத்தை உடைத்தாள். சுருங்கிக் கறுத்த அந்தத் துண்டைப் பார்த்ததும் ஓவென்று கத்தினாள். நான் காலில் விழுந்தேன். “வல்லா மாமா, அனா மிஸ்கீன், மாஃபி சிஹ்ர்” என்று அழுதேன். சத்தியமாக, நான் பாவம், சூனியம் இல்லை என்று அர்த்தம். என்னிடம் இருந்த அரபே அந்த நிகழ்ச்சியின் அரபுதானே. முந்தின நாள் அந்த வேஷக்காரர் கதறியதும் ஏறக்குறைய இப்படித்தான். நான் வேடிக்கை காட்டுகிறேன் என்று நினைத்துக் குழந்தை கை தட்டிச் சிரித்தது. இவ்வளவுக்கும் பிறகு கிண்டலா என்று மாமா என்னை அறைந்தாள்.

பாபாவை வேலையிலிருந்து வரவழைத்தார்கள். நான் அரபு பேசினால் மறுபடி கிண்டலாகத்தான் கேட்கும் என்று டிரைவர் அண்ணனை அழைத்தார்கள். அவர் முகம் வெளிறிப்போயிருந்தது.

“தங்கச்சி, இங்க சூனியம்னு போலீஸ்ல குடுத்துட்டா உயிரோட ஊர் போறது கஷ்டம். என்னான்னு உள்ளத சொல்லு.”

“எம் மகன் கொடிண்ணே. வேற ஒண்ணுமில்லண்ணே.”

அவர் அதை அப்படியே அரபில் சொன்னார். குழந்தையின் உடம்பிலிருந்து விழுந்தது என்று கேட்டதும் பாபா இரண்டடி பின்வாங்கினார். உண்மையைச் சொல்லி என்னத்தைக் கிழித்தார் மனுசன்! காய்ந்த இஞ்சி என்று சொல்லியிருக்கலாம். பாபா போனைக் கையில் எடுத்தார். என் மகனை இனிப் பார்க்கமாட்டேன் என்றே முடிவு செய்துவிட்டேன்.

ஆனால் பாபா கூப்பிட்டது போலீசை அல்ல, ஓதிப் பார்க்கும் ஒரு பெரியவரை. அவர் வந்து தாயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மகனுக்கு என்ன வயது என்று டிரைவர் அண்ணன் மூலமாகக் கேட்டார். நல்ல மனுசர்தான். இது சூனியம் இல்லை, அறியாமை, ஆனால் வீட்டில் இருக்கக்கூடாது என்றார். சாம்பிராணி போடும் தூபக்கால் தணலில், என் கண் முன்னாலேயே அந்தக் கொடியை வைத்தார். கருகிய வாசம் வந்தது. நான் முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டு நின்றேன்.

என்னை ஊருக்கும் அனுப்பவில்லை. பெருநாள் வருகிறது, வேறு ஆள் கிடைக்காது. சூனியக்காரியோ யாரோ, அண்டா கழுவ ஆள் வேண்டுமே! ஒரே ஒரு சட்டம்தான் புதிது. மகளை நான் தொடக்கூடாது, ஊட்டக்கூடாது, அவள் என் அறைப் பக்கம் வரக்கூடாது. நான் யார், என்ன செய்தேன் என்று மாமா அவளை மடியில் வைத்துக்கொண்டு விளக்கியிருக்கிறாள்.

பெருநாள் காலையில் நான் கூடம் பெருக்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளை புதுக் கவுனோடு, கையில் புதுச் செருப்போடு வந்தாள். வயிறு தேறி முகம் தெளிந்திருந்தது. வழக்கம்போல என் முன்னால் வந்து நின்று காலை நீட்டினாள். என்னையும் மீறிக் குனிந்துவிட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், சட்டென்று காலை இழுத்துக்கொண்டாள். உதடு பிதுங்கியது. செருப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சத்தம் போட்டால் நான் ஏதாவது செய்துவிடுவேன் என்பதுபோல, ஓசைப்படாமல் சுவரோரமாகவே பின்னால் பின்னால் நடந்து போனாள். அதற்குப் பாபா என்னைப் போலீசிலேயே கொடுத்திருக்கலாம்.