நான்கு ஜன்னல்களும் ஒரு கையெழுத்தும்

ஊரடங்குக்குப் பிறகு திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. மகளுக்கு வீசிங் உண்டு. அதனால் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் வகுப்பறையைப் பார்த்துவிடலாம் என்று இன்று கிரிவலப் பாதையில் உள்ள அவள் பள்ளிக்குப் போனேன்.

பெஞ்சுக்கு ஒருவர், வாசலில் சானிடைசர். ஆனால் நான்கு ஜன்னல்களும் இறுக மூடியிருந்தன.

"காத்து வரணுமேங்க மிஸ்?"

"தொறந்தா கம்பி சந்துல குரங்கு பூந்துடுதுங்க மேடம். முன்ன ஒரு பொண்ணைக் கடிச்சிடுச்சு."

"அப்போ கொரோனா?"

"அது வந்தா யாருக்குங்க தெரியும்? குரங்கு வந்தா கிளாஸே கத்தும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் பயம்தாங்க. வீட்ல கைக்குழந்தை இருக்குது."

படிவத்தை அப்படியே திருப்பி எடுத்து வந்துவிட்டேன்.

திங்கட்கிழமைக்குள் ஜன்னலுக்கு வலை அடித்துத் தரும் ஆள் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள். கையெழுத்தை அதன் பிறகு போட்டுக்கொள்கிறேன்.